ஒரு குளத்தைச் சுற்றி பத்துப் பிள்ளைகள்: பாலர் வகுப்பில் கூட்டு ஓவியம்

பாலர் வகுப்புச் சுவர்களில் அடிக்கடி ஒரு மரத்தைப் பார்க்கலாம். அடிமரத்தையும் கிளைகளையும் டீச்சர் வரைந்திருப்பார். இலைகளுக்குப் பதில் பிள்ளைகளின் உள்ளங்கை அச்சு. கீழே ‘எங்கள் வகுப்பின் கூட்டுப் படைப்பு’ என்று எழுதியிருக்கும். அந்த மரத்துக்காக ஒவ்வொரு பிள்ளையும் செலவிட்ட நேரம் அரை நிமிடம்கூட இராது. டீச்சர் கையைப் பிடித்தார், வண்ணத்தில் தோய்த்தார், தான் நினைத்த இடத்தில் அழுத்தினார், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். இருபது பேரின் கை பட்ட படம்தான். ஆனால் அந்த இருபது பேரில் யாரும் யாரோடும் சேரவில்லை. என்ன வரைவது, எங்கே வைப்பது என்று அவர்கள் எதையும் முடிவு செய்யவும் இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. ஒரு பெரிய தாளை விரித்து, நடுவில் எட்டு வண்ணக் கிண்ணங்களை வைத்து, “எல்லாரும் சேர்ந்து வரைங்க” என்று விட்டுவிடுவது. கால் மணி நேரத்தில் தாள் முழுக்கச் சேற்று நிறமாகிவிடும். இரண்டு பேர் அழுவார்கள், தாள் நான்கு இடத்தில் கிழிந்திருக்கும். ‘இந்த வயசுக்கு இதெல்லாம் வராது’ என்ற முடிவோடு அடுத்த முறை மறுபடியும் உள்ளங்கை மரம் வந்துவிடும்.

மூன்று வயதுப் பிள்ளையிடம் ‘சேர்ந்து செய்’ என்ற சொல்லுக்குப் பெரிதாகப் பொருள் இல்லை. சிறு பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்து மில்ட்ரெட் பார்ட்டன் 1932-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. தனியே விளையாடுவது, நின்று வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் இருந்தபடி அவரவர் விளையாட்டை விளையாடுவது, பொருளைக் கொடுத்து வாங்கி விளையாடுவது, ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து விளையாடுவது என்று அவர் பிரித்தார். வயது ஏற ஏறப் பின்னவை கூடுகின்றன. ஆனால் வேடிக்கை பார்ப்பதும் தனியே விளையாடுவதும் நின்றுபோவதில்லை. ஐந்து வயதுப் பிள்ளையும் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைத்தான் பார்க்கும். எனவே ‘சேருங்கள்’ என்று வாயால் சொல்லிப் பயனில்லை. தாளின் அகலம், உட்காரும் இடம், கிண்ணங்களின் எண்ணிக்கை, எந்த நாளில் எந்த வேலை என்ற வரிசை ஆகியவைதான் பிள்ளைகளைச் சேர்த்து வைக்கின்றன. பெரியவரின் உழைப்பு முழுவதும் அந்த ஏற்பாட்டில்தான் போக வேண்டும். படத்துக்குள் அவர் ஒரு கோடுகூடப் போட வேண்டியதில்லை.

இருபது பிள்ளைகள், ஒரு டீச்சர், ஓர் ஆயா உள்ள அங்கன்வாடியையோ பால்வாடியையோ மனதில் வைத்து, நான்கு நாளில் முடிகிற ஒரு குளப் படத்தை எடுத்துக்கொள்வோம்.

ஏன் குளம்? பிள்ளைகள் தாளின் இரு பக்கமும் எதிரெதிராக உட்காரப் போகிறார்கள். வீடு, மரம், பேருந்து என்று வரைந்தால் பாதிப் படம் தலைகீழாக நிற்கும். டீச்சர் உடனே எல்லாரையும் ஒரே பக்கத்துக்கு மாற்றுவார், இடம் போதாமல் முட்டிக்கொள்வார்கள். நேர் மேலிருந்தோ நேர் கீழிருந்தோ பார்க்கிற எதற்கும் தலை, கால் கிடையாது. குளம், இரவு வானம், கோலம் போட்ட வாசல், தோட்டத்துப் பாத்திகள் எல்லாமே இதற்குப் பொருந்தும். குளத்தில் மீன் எந்தப் பக்கம் பார்த்தும் நீந்தலாம் என்பது கூடுதல் வசதி.

தாள்: கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை சார்ட் 56 செ.மீ.க்கு 71 செ.மீ. இருக்கும். ஆறு சார்ட்டுகளை நீளப் பக்கத்தோடு நீளப் பக்கம் சேர்த்து, 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்தால் 71 செ.மீ. அகலமும் ஏறத்தாழ 3.25 மீட்டர் நீளமும் உள்ள ஒரே தாள் கிடைக்கும். பக்கத்துக்கு ஐந்து பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 65 செ.மீ. இடம். முழங்கையை விரித்து வரைய அது போதும். அகலம் இதைவிடக் கூடினால் நடுப்பகுதிக்குக் கை எட்டாமல் பிள்ளைகள் தாளின் மேலேயே ஏறி உட்காருவார்கள், குறைந்தால் எதிரில் இருப்பவரின் கை இடிக்கும். 71 செ.மீ. அகலத்தில் ஒவ்வொருவரும் பாதி தூரம், அதாவது 35 செ.மீ. எட்டினால் நடுவில் எதிராளியைச் சந்தித்துவிடுவார்கள். படத்தில் ‘கூட்டு’ என்பது நடக்கிற இடம் அந்த நடுக்கோடுதான்.

சார்ட்டுகளை இணைக்கும் ஒட்டுநாடாவைத் தாளின் பின்பக்கம் மட்டும் ஒட்ட வேண்டும். முன்பக்கம் ஒட்டினால் கிரேயான் தட்டி நிற்கும், வண்ணமும் பிடிக்காது. சார்ட்டின் ஒரு முகம் வழுவழுப்பாகவும் மறு முகம் சற்றுச் சொரசொரப்பாகவும் இருந்தால் சொரசொரப்பான முகத்தையே மேலே வையுங்கள். வழுவழுப்பில் தண்ணீர் முத்து முத்தாக நின்றுவிடும். அடியில் பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்தால் தரை தப்பும். (பேனரின் வெள்ளைப் பின்புறத்திலேயே வரையச் சொல்லலாமே என்று தோன்றும். தண்ணீர் வண்ணம் அதில் ஊறாது, காய்ந்ததும் செதில் செதிலாக உதிரும்.) தாளின் நான்கு ஓரத்தையும் பேனரோடு சேர்த்து ஒட்டிவிட வேண்டும். ஈரம் பட்டதும் சார்ட் சுருளும், ஓரம் ஒட்டியிருந்தால் காய்ந்தபின் ஓரளவு நேராகிவிடும். முழுக்கக் காயும்வரை நாடாவை உரிக்கக் கூடாது.

முதல் நாள் மெழுகு கிரேயான் மட்டும். வண்ணமும் தண்ணீரும் அன்று கண்ணில் படவே வேண்டாம். பத்துப் பிள்ளைகள் வரைவார்கள், மற்ற பத்துப் பேர் ஆயாவோடு வெளியே மணலிலோ களிமண்ணிலோ இருப்பார்கள். மூன்று வயதுக்காரர்கள் பத்து நிமிடம், நான்கு ஐந்து வயதுக்காரர்கள் இருபது நிமிடம் வரை ஈடுபாட்டோடு இருப்பார்கள். எழுந்து போகிறவரைப் பிடித்து உட்கார வைக்க வேண்டாம். பிறகு மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது குழு வரும்போது தாளில் ஏற்கெனவே மீன்கள் இருக்கும், அது ஒரு நல்ல தொடக்கம்.

தொடங்குமுன் பேச்சு மிகக் குறைவாக இருக்கட்டும். “இது ஒரு குளம். இதுக்குள்ள யாரு யாரு இருப்பாங்க?” என்று கேட்டால் மீன், தவளை, பாம்பு, வாத்து, தாமரை, எருமை, குளிக்கிற தாத்தா என்று வரும். எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பலகையில் மீனை வரைந்து காட்டாதீர்கள். காட்டிய மறுகணமே இருபது மீனும் அந்த மீனாகிவிடும், “எனக்கு வரல டீச்சர், நீங்களே போட்டுத் தாங்க” என்ற குரலும் எழும். மூன்று வயதுப் பிள்ளை போடுவது சுழல் கிறுக்கலாகத்தான் இருக்கும். போட்டு முடித்தபின் அது ‘பாம்பு’ என்று பெயர் பெறும், ஐந்து நிமிடம் கழித்து ‘சைக்கிள்’ ஆகும். அந்த வயதுக்கு அது சரியான வரைதல்.

கிரேயான் விரல் பருமனில் இருப்பது நல்லது, மெல்லியது அழுத்தும்போது ஒடியும். கலர் பென்சிலும் ஸ்கெட்ச் பேனாவும் இந்த வேலைக்கு உதவாது. ஏன் என்பது இரண்டாம் நாள் தெரியும்.

இரண்டாம் நாள் தண்ணீர் வருகிறது. நீலப் போஸ்டர் வண்ணம் 45 மி.லி., தண்ணீர் 360 மி.லி. கலந்தால் மோரைவிட நீர்த்த ஒரு நீலம் கிடைக்கும். தாளின் பரப்பு ஏறத்தாழ 2.3 சதுர மீட்டர், இந்த அளவு அதை மூடிவிடும். ஐந்து கிண்ணங்களில் ஆளுக்கு ஆள் அல்ல, இரண்டு பேருக்கு ஒன்றாக 80 மி.லி. ஊற்றுங்கள். எதிரெதிரே இருக்கும் இருவருக்கு நடுவில் கிண்ணம் இருக்கட்டும். தூரிகைக்குப் பதில் பாத்திரம் கழுவும் புதுப் பஞ்சை 5 செ.மீ. துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள். கிண்ணம் கவிழ்வதுதான் அன்றைய பெரிய தொல்லை. முட்டை அட்டையின் குழியிலோ, தட்டையாக அமுக்கிய களிமண் உருண்டையின் மேலோ கிண்ணத்தைப் பதித்து வைத்தால் கவிழாது.

குளம் முழுக்கத் தண்ணீர் விட வேண்டும், அவ்வளவுதான் வேலை. நேற்று வரைந்த மீன்களின் மேலேயே பூசலாம். மெழுகின் மேல் தண்ணீர் ஒட்டாமல் விலகி ஓடும். நீலம் சுற்றிலும் ஊறி நிற்க, மீன் அப்படியே வெளியே தெரியும். முந்தைய நாள் வெள்ளைக் கிரேயானில் யாராவது கிறுக்கியிருந்தால் நேற்றுவரை இல்லாத ஒன்று இப்போது தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வரும். அந்த நொடியில் பிள்ளைகள் கத்துவதைத் தடுக்க யாராலும் முடியாது, தடுக்கவும் வேண்டாம்.

பார்க்க வேடிக்கையாக இருக்கும் இந்த உத்தியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. கூட்டு ஓவியத்தில் அழுகை வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஒருவர் வரைந்ததன் மேல் இன்னொருவர் பூசிவிடுகிறார். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் மீன் மறைந்தால் மீன் செத்துப்போனதாகவே தோன்றும். மெழுகு அந்த அடியைத் தாங்கிக்கொள்கிறது. யார் வேண்டுமானாலும் யாருடைய மீன் மேலும் பூசலாம், எதுவும் அழியாது. நேற்று ‘என்னுது’ என்று கையால் மூடிக்கொண்ட பிள்ளை இன்று அடுத்தவர் பஞ்சு தன் மீன் மேல் வருவதை ஆர்வத்தோடு பார்க்கும்.

நடுக்கோட்டில் நடப்பதைச் சற்றுக் குனிந்து கவனியுங்கள். கிண்ணம் ஒன்று, கை இரண்டு. ஒருத்தி பஞ்சை முழுக்கத் தோய்த்துப் பிழியாமல் தூக்குகிறாள், வழியெல்லாம் சொட்டுகிறது. எதிரில் இருப்பவன் காத்திருக்க முடியாமல் அதே நேரம் கையை விடுகிறான், கிண்ணத்துக்குள் முட்டிக்கொள்கிறது. அவன் கையை எடுக்கிறான். அடுத்த முறை அவள் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, அவன் தோய்க்கிறான். யாரும் சொல்லித்தரவில்லை. பிறகு இரண்டு பஞ்சும் நடுவில் மோதி, “இது என் தண்ணி”, “இல்ல, இது மீனோட தண்ணி” என்பது போன்ற வழக்கு கிளம்பும். டீச்சர் அங்கே ஓட வேண்டியதில்லை. அடி, கடி, கண்ணுக்குள் தண்ணீர் என்று போனால் மட்டும் குறுக்கே போகலாம். ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்திருந்தால் சத்தம் இராது, இந்தப் பேச்சும் இராது.

அன்று தவறுவது பெரும்பாலும் வண்ணத்தின் பதத்தில். கெட்டியாகக் கலந்தால் மெழுகின் மேலும் படிந்து மீன்களை மூடிவிடும். மெல்லத் தடவிய கிரேயான் கோட்டில் மெழுகு போதாமல் நீலம் ஊறிவிடும். எனவே முதல் நாளே “இன்னும் அழுத்தி, இன்னும் அழுத்தி” என்று சொல்லி வைக்க வேண்டும். ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். ஊறிய சார்ட் நூல் நூலாகப் பிய்ந்து ஓட்டையாகும். “இங்க காஞ்சு கெடக்கு பாரு” என்று வேறிடம் காட்டினால் கை நகர்ந்துவிடும். நீலத்தோடு வேறு நிறம் எதையும் அன்று வைக்காதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒரே ஈரத்தில் சந்தித்தால் பழுப்புதான். எட்டு கிண்ணம் வைத்த வகுப்பில் சேறு வந்ததும் அதனால்தான். நிறக் கலப்பைக் காட்ட விரும்பினால் தனியாக ஒரு நாள் மஞ்சளும் நீலமும் மட்டும், இன்னொரு நாள் மஞ்சளும் சிவப்பும் மட்டும் கொடுக்கலாம். இரண்டு நிறத்துக்குள் எப்படிக் கலந்தாலும் நல்ல நிறமே வரும்.

பெரும்பாலான அங்கன்வாடிகளில் படம் வரையும் கூடமும் மதியச் சாப்பாட்டுக் கூடமும் ஒன்றுதான். காலை பத்தரைக்குள் முடித்தால் மின்விசிறிக் காற்றில் சாப்பாட்டுக்குள் தொட்டால் ஒட்டாத பதத்துக்குக் காயும், பேனரோடு சேர்த்து இழுத்து ஓரமாக வைத்துவிடலாம். ஈரத் தாளைக் கொடியில் தொங்கவிட்டால் நீலம் வடிந்து கீழே கோடு கோடாக இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் மறுநாள்வரை காயாது, அப்போது மூன்றாம் நாள் வேலையை ஒரு நாள் தள்ளிப் போடுவது நல்லது. கை கழுவ இரண்டு வாளி: முதல் வாளியில் நனைத்த பழைய துண்டால் துடைப்பது, இரண்டாவதில் சோப்பு. நேராகக் குழாயடிக்கு அனுப்பினால் வழியெல்லாம் சுவரில் நீலக் கை இருக்கும்.

மூன்றாம் நாள் தாள் தொடப்படாமல் காய்ந்து கிடக்க, பிள்ளைகள் சிறு காகிதங்களில் தனித்தனியாக வேலை செய்வார்கள். தாமரை இலை, பூ, படித்துறைக் கல், படகு எதுவானாலும் சரி. பழைய நாளிதழ், காலண்டர் தாள், அழைப்பிதழ்களைக் கிழித்துச் செய்யட்டும். கத்தரி வேண்டாம். கிழிக்கும்போது இரண்டு கையின் விரலும் எதிரெதிராக வேலை செய்கின்றன, மூன்று வயதுப் பிள்ளைக்கும் அது முடியும். சிமென்ட் மூட்டைக் காகிதத்தைக் கொண்டுவந்துவிடாதீர்கள், அதில் ஒட்டியிருக்கும் தூள் கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல். இங்கே தனி வேலையை நடுவில் புகுத்துவதற்கும் காரணம் உண்டு. கூட்டத்தில் சத்தமில்லாமல் ஒதுங்கும் பிள்ளைகளுக்குத் தன் பொருளோடு வந்து நிற்க ஒரு நாள் கிடைக்கிறது.

இயற்கைச் சாயங்களை முயல இதுவே ஏற்ற நாள், ஏனெனில் அவை பெரிய தாளில் வெளிறித் தெரியும், சிறு துண்டில் நன்றாக நிற்கும். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, ஈரமாக இருக்கும்போதே சமையல் சோடாக் கரைசலைத் தொட்டு வைத்தால் அந்த இடம் செங்காவியாக மாறும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்கிற அதே வேலைதான். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளிடம் சோடாவே போதும். இருபது சங்குப்பூவை அரை டம்ளர் சுடுநீரில் ஊறவைத்தால் நீலச் சாயம் இறங்கும், ஆறியபின் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் ஊதாவாகும். பீட்ரூட் ஈரத்தில் ஜொலிக்கும், காய்ந்ததும் மங்கிப் பழுப்பேறும். மஞ்சள் வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளுக்கும். இதையும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ‘யாரோ அழிச்சுட்டாங்க’ என்று பக்கத்து வகுப்பின் மேல் பழி விழும்.

நான்காம் நாள் ஒட்டுவது. ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று கப் தண்ணீரில் ஊற்றிச் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் கிளறினால் பளபளவென்று பசை வரும். ஆறியபின் தோசை மாவுப் பதம் இருக்க வேண்டும். இருபது பேருக்கும் தாராளமாகக் காணும். வெளியில் வைத்தால் ஒரு நாள்தான் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். சுவரொட்டி ஒட்டுபவர்களும் பைண்டிங் வேலை செய்பவர்களும் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு. கடையில் கிண்டிய பசையை வாங்கிவந்து பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. விரலை நக்காத மூன்று வயதுப் பிள்ளை கிடையாது. அதே காரணத்துக்காக மணி, பொத்தான், தெர்மாகோல் உருண்டை, ஜிகினா போன்ற 3 செ.மீ.க்கு உட்பட்ட சில்லறைப் பொருள்களும் வேண்டாம். கலர் கோலப்பொடி மூக்கிலும் கண்ணிலும் ஏறும். சுவர்ப் பெயின்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

எந்தத் துண்டு எங்கே ஒட்டப்படும் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். அடுத்தவரின் மீன் மேல் தாமரை இலை விழும் நிலை வந்தால், ஒட்டுமுன் அந்த மீனுக்கு உரியவரைக் கேட்க வேண்டும் என்ற ஒரே ஒரு விதி போதும். “உன் மீனு மேல வைக்கட்டுமா?” “வேணாம்... வால்ல மட்டும் வை.” ஐந்து வயதுக்காரர்கள் இந்த நாளில்தான் கதை கட்டத் தொடங்குவார்கள். எருமை குளிக்க வந்ததால் மீனெல்லாம் அந்தப் பக்கம் ஓடிவிட்டது என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் ஓடுகிற மீனுக்கு வழி விட்டுத் தன் இலையைத் தள்ளி ஒட்டுவார். பார்ட்டன் சொன்ன கடைசி வகை இதுதான். மூன்று நாள் ஏற்பாடு இல்லாமல் அது முதல் நாளே வந்திருக்காது.

சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாமல், அவர்கள் பேச்சிலேயே. இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகராட்சி 1963-ல் தன் முதல் பாலர் பள்ளியைத் தொடங்கியது. லோரிஸ் மலகுஸியின் வழிகாட்டலில் வளர்ந்த அந்தப் பள்ளிகள் பிள்ளைகளின் பேச்சையும் படத்தையும் சேர்த்துச் சுவரில் வைப்பதை ஒரு முக்கிய வேலையாகவே ஆக்கின. அதற்குத் தனிக் கலைக்கூடமெல்லாம் தேவையில்லை. கையளவுத் தாளில் நான்கு வரியும் ஒரு தேதியும் போதும். “அழகா இருக்கு, வெரி குட்” என்ற பாராட்டையும் அன்று குறைத்துக்கொள்ளலாம். அதைக் கேட்ட பிள்ளை உடனே டீச்சர் முகத்தைப் பார்த்து வரையத் தொடங்கும். “இந்த ரெண்டு மீனும் எங்க போகுது?” என்று கேட்டால் பிள்ளை மறுபடியும் தாளைப் பார்க்கும்.

வண்ணத்தைத் தொட மறுக்கும் பிள்ளைகள் உண்டு. கையில் ஈரம் ஒட்டுவதே சிலருக்குப் பொறுக்காது. பஞ்சைத் துணி கிளிப்பில் மாட்டிக் கொடுத்தால் கை படாமல் பூசலாம். தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் உதவும். தரையில் உட்கார முடியாத பிள்ளை இருந்தால் அந்தப் பகுதித் தாளை மட்டும் பெஞ்சின் மேல் ஏற்றி நீட்டிக்கொள்ளலாம். வெறுமனே நின்று பார்க்கும் பிள்ளையை விட்டுவிடுங்கள். இரண்டாம் நாள் வேடிக்கை பார்த்தவர் நான்காம் நாள் முதல் ஆளாக வந்து உட்காருவது சாதாரணமாக நடப்பதுதான்.

“என் மீனை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்” என்று யாராவது கேட்பார்கள். படத்தை வெட்டிப் பங்கு போட்டுவிடலாம் என்று கடைசி நாளில் தோன்றினால் செய்யாதீர்கள். வெட்டுவதாக இருந்தால் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் செய்த சிறு துண்டுகளில் ஆளுக்கு இரண்டு செய்யச் சொல்லி, ஒன்று குளத்துக்கு, ஒன்று வீட்டுக்கு என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எழாது.

சுவரில் மாட்டும்போது படத்தின் நடு, தரையிலிருந்து 90 செ.மீ. அல்லது ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். நான்கு வயதுக்காரரின் கண் அங்கேதான் இருக்கிறது. பெரியவர் கண்மட்டத்தில் மாட்டினால் பெற்றோர் பார்ப்பார்கள், வரைந்தவர் கழுத்தை அண்ணாந்து பார்ப்பார். மைதாப் பசைக்குக் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் வரும், ஒரு மாதத்துக்கு மேல் சுவரில் விட வேண்டாம். பெயர்ப் பட்டியலை அகர வரிசையில், ஒரே அளவு எழுத்தில், இருபது பேருக்கும் எழுதுங்கள். முதல் நாள் காய்ச்சலில் வராத பிள்ளையின் பெயரும் அதில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் தாளின் ஓரத்தில் 65 செ.மீ. இடத்தை யாரும் வரையாமல் வெள்ளையாக விட்டு வைக்கச் சொல்ல வேண்டும். திரும்பி வந்த அன்று அந்தப் பிள்ளையிடம் ஒரு கிரேயானும், பக்கத்து இடத்துக்காரர் ஒருவரும், அரைக் கிண்ணம் நீலமும் இருந்தால் போதும்.